கேக்காதவங்களுக்கும் தண்ணி கொடுங்க

எங்கள் ஊர் அந்தியூர் என்று சொன்னதும் வெளியூர் நண்பர்கள், "பர்கூர் மலையடிவாரமாச்சே, குளுகுளுன்னு இருக்குமே" என்பார்கள். மலை பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் குளிர்ச்சி மேலே தாமரைக்கரையோடு நின்றுவிடுகிறது. வரட்டுப்பள்ளம் அணையைத் தாண்டிக் கீழே இறங்கினால் பங்குனியிலேயே அனல் முகத்தில் அடிக்கும். பத்ரகாளியம்மன் கோயில் குண்டம் திருவிழா முடிந்ததென்றால் அதற்கப்புறம் வெயிலின் ராஜ்ஜியம்தான். 2024 ஏப்ரல் கடைசியில் எங்கள் மாவட்டத் தலைநகர் ஈரோட்டில் வெப்பம் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. தொலைக்காட்சிக் கணக்கில் சொன்னால் 108 டிகிரி ஃபாரன்ஹீட். அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயில் தாக்கி இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் ஆணை வந்தது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் பக்கத்தில் வெயிலையும் அரசாங்கமே உட்கார வைத்திருக்கிறது. வீட்டில் நாம் இன்னும், "வெயில் காலம்னா வெயில் அடிக்கத்தான் செய்யும்" என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

மோர் குடிங்க, இளநீர் குடிங்க, தர்பூசணி சாப்பிடுங்க என்று ஆண்டுதோறும் எல்லாரும் எழுதுகிறார்கள். அதெல்லாம் சரிதான். நான் சொல்ல வந்தது வேறு. ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் வெயில் எல்லாரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. "அப்பப்பா, என்ன வெயிலு" என்று வாய்விட்டுப் புலம்புகிறவர் தானே போய்ச் சொம்பை எடுத்துக் குடித்துக்கொள்வார். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறவருக்குத்தான் ஆபத்து. குடும்பத்தின் கோடைகால ஆரோக்கியம் என்பது, கேட்காதவர் யார் என்று கண்டுபிடித்துக் கவனிப்பதுதான்.

எங்கள் வீட்டில் அந்த இடம் மாமனாருக்கு. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், "வேண்டாங் கண்ணு, தாகமே இல்லை" என்பார். அவர் சொல்வது பொய் இல்லை. வயதாக வயதாக உடம்பில் நீர் குறைந்தாலும் தாகம் என்ற உணர்வு சரியாக வராது. வியர்வையும் முன்போலச் சுரக்காது. இதோடு ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் வகை. உள்ளே போவது குறைவு, வெளியே போவது அதிகம். அதற்கு மேல் பெரியவர்கள் வெளியே சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு. "ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுப் போகோணும், எதுக்கு வம்பு" என்று பகலிலேயே குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள்.

அதனால் நாங்கள் கேட்பதையே விட்டுவிட்டோம். கேட்டால்தானே வேண்டாம் என்பார்? காலையில் பல் விளக்கியதும் ஒரு சொம்பு, பத்து மணிக்கு உப்புப் போட்ட நீர்மோர், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சொம்பு, மூன்று மணிக்கு ஒன்று. கையில் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுப்பது பிள்ளைகளின் வேலை. பொழுது சாய்ந்த பிறகு குறைத்துக்கொள்ளலாம், ராத்திரித் தூக்கமும் கெடாது. இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். சிறுநீரகம் சரியில்லாதவருக்கு இளநீரும் ஆகாது. அதில் பொட்டாசியம் அதிகம்.

தண்ணீருக்கு மண்பானைதான் வைத்திருக்கிறோம். கடற்கரை ஊர்களில் மண்பானை இவ்வளவு நன்றாகக் குளிராது, காற்றிலேயே ஈரம் இருப்பதால். நம்முடையது வறண்ட காற்று. பானையின் மேல் கசியும் நீர் சட்டென்று ஆவியாகி உள்ளிருப்பதைக் குளிர வைத்துவிடும். நம் உடம்பும் அந்தப் பானை மாதிரிதான். வியர்வை ஆவியானால்தான் சூடு இறங்கும். நாற்பது டிகிரிக்கு மேல் போய்விட்டால் வெறும் ஃபேன் காற்று அனலைத்தான் மேலே வாரி வீசும். அதே ஃபேனுக்கு அடியில் ஈரத்துண்டைத் தோளில் போட்டு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் வித்தியாசம் தெரியும். ஏசி இல்லாத வீட்டுக்கு நான் சொல்லும் முதல் வைத்தியம் ஈரத்துண்டு.

அடுத்து, வீட்டுக்குள்ளேயே அதிகச் சூட்டில் நிற்கிறவர். சமைக்கிற பெண்தான், வேறு யார்? வெளியே நாற்பது டிகிரி, உள்ளே இரண்டு அடுப்பு, காற்றில் நெருப்பு அணைந்துவிடும் என்று ஃபேனும் போட முடியாது, மேலே சிமெண்ட் அட்டைக் கூரை என்றால் கேட்கவே வேண்டாம். பன்னிரண்டு மணிக்குச் சுடச்சுடச் சோறு வேண்டும் என்ற பழக்கத்தைச் சித்திரை, வைகாசி இரண்டு மாதமாவது விட்டுவிட வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன். எங்கள் வீட்டில் எட்டரைக்குள் அடுப்பு அணைந்துவிடும். காலையில் அரிசிம்பருப்புச் சோற்றை ஒரே குக்கரில் வைத்துவிட்டால் மதியத்துக்கும் அதுதான். தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு வெயில் நாளில் மதியத்துக்குள் நூல் விட்டுவிடும், அதனால் தேங்காய் வேண்டாம். தொட்டுக்கொள்ள மோரும் வெங்காயமும் போதும். இல்லையென்றால் கம்மங்கூழ். முந்தின நாளே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துக் காய்ச்சி ஆறவைத்தால், மறுநாள் அடுப்புப் பக்கமே போகாமல் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கலாம். நம் தாத்தா பாட்டிகள் காட்டு வேலைக்குத் தூக்குப்போசியில் கூழ் கொண்டுபோனதற்கு வறுமை மட்டும் காரணமில்லை. தண்ணீர், உப்பு, மாவு மூன்றும் ஒரே பாத்திரத்தில் போனது.

பெண்கள் தண்ணீர் குடிக்காததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதை வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் பேசுவதில்லை. தறிப்பட்டறையிலும், நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும், செங்கல் சூளையிலும், களை எடுக்கப் போகும் காட்டிலும் ஒதுங்க இடம் இல்லை. குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை, எனவே குடிப்பதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நீர்க்கடுப்பு, தலைவலி, எரிச்சல். பள்ளிக்கூடத்துப் பெண் குழந்தைகளும் இதையே செய்கிறார்கள். வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் நிழலும் தண்ணீரும் கொடுத்தால் மட்டும் போதாது. ஒரு கழிப்பறை வேண்டும். அது இல்லாத இடத்தில் நீங்கள் வைக்கிற தண்ணீர்க் குடம் சாயங்காலம்வரை அப்படியே நிறைந்துதான் இருக்கும்.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2024-ல் வெளிவந்தது. கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தன. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ எடுத்த கணக்கில்லை இது. நம்மைப் போலக் காட்டிலும் சூளையிலும் உப்பளத்திலும் வேலை செய்கிற பெண்களிடம் எடுத்தது. "எங்க காலத்துல மாசமா இருந்துக்கிட்டே நெல்லு அறுத்தோம்" என்று பெரியவர்கள் சொல்லும்போது அந்தக் காலத்தில் எத்தனை குழந்தைகள் தங்காமல் போயின என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். சொல்லுவார்கள். மாசமாக இருக்கிற பெண்ணைப் பதினொன்றிலிருந்து நான்குவரை வெயிலுக்கும் அனுப்பக்கூடாது, அடுப்படிக்கும் அனுப்பக்கூடாது.

கைக்குழந்தைக்கு மட்டும் நான் இதுவரை சொன்னதற்கு நேர்மாறு. ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு எவ்வளவு வெயிலானாலும் தண்ணீர் கொடுக்கக்கூடாது. சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், இளநீரும் வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். அடிக்கடி பால் கொடுத்தால் போதும். தண்ணீர் குடிக்க வேண்டியது தாய்.

மே மாத விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து பேரன் பேத்திகள் வருவார்கள். கொள்ளேகால் வழியாகப் பர்கூர் மலை இறங்கி வந்து சேர்ந்த அன்றைக்கே கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஓடுவார்கள். பெரியவர்களும், "நாங்க இதே வெயில்லதான் வளர்ந்தோம்" என்பார்கள். வளர்ந்தது உண்மை. ஆனால் வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அதுவரை வியர்க்கிற அளவும், வியர்வையில் போகிற உப்பும், இதயத் துடிப்பும் இந்த ஊருக்கு ஏற்றபடி மாறியிருக்காது. முதல் வாரம் ஆட்டமெல்லாம் காலை ஒன்பதுக்கு முன்பும் ஐந்துக்குப் பிறகும் மட்டும். அடுத்த வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். வேறு ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்து சேர்கிற கூலி ஆட்களுக்கும் இதே விதிதான். முதல் நாளே முழு வேலை வாங்குவது கொடுமை.

இனி உப்புச் சர்க்கரைக் கரைசல், அதாவது ஓ.ஆர்.எஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச ஆசை. 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லையைத் தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவ்ன் முகாமில் காலராவால் கொத்துக்கொத்தாக இறந்துகொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். நோயாளியின் உறவினர்களே அதைக் குவளையில் பிடித்துக் குடிக்க வைத்தார்கள். நூற்றுக்கு 30 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 4 பேருக்கும் கீழே இறங்கியது. மருத்துவரும் நர்சும் மட்டும் செய்த சாதனை இல்லை அது. தாயும் தங்கையும் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து வாய் வாயாகக் குடிக்க வைத்ததில் கிடைத்தது. 2022-ல் அவர் காலமானார், அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

அந்தக் கரைசலுக்கான தூள் பாக்கெட்டை நம் வீடுகளில் எப்படிக் கலக்குகிறோம்? ஒரு டம்ளர் தண்ணீரில் கண்ணளவாகக் கொஞ்சம் தூளைக் கொட்டிவிட்டு மீதியை மடித்து அலமாரியில் செருகுகிறோம். அது தவறு, குழந்தைக்கு ஆபத்தும்கூட. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு பாக்கெட் 20.5 கிராம். அது முழுக்க ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிடலாம். சிறு பாக்கெட்டாக இருந்தால் எவ்வளவு தண்ணீர் என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். பாக்கெட் இல்லாத நேரத்தில் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். அவ்வளவுதான்.

கடையில் அட்டைப் பெட்டியில் விற்ற பழ ருசிப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குக் கொடுத்தவர்கள் நம் ஊரிலும் நிறைய. அவற்றில் சர்க்கரை மிக அதிகம், வயிற்றுப்போக்கை அது மோசமாக்கும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு ஆண்டுகள் விடாமல் போராடியதன் பலனாக, சரியான கலவை இல்லாத பானத்துக்கு அந்தப் பெயரை வைக்கக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அதனால் மருந்துக்கடையில் கேட்கும்போது தூள் பாக்கெட் என்று கேட்டு வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

வயிற்றுப்போக்கு என்றதும் ஐஸ் நினைவுக்கு வருகிறது. திருவிழாக் கடைகளில் கரும்புச் சாற்றிலும் சர்பத்திலும் உடைத்துப் போடுகிற ஐஸ்கட்டி எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. அதிலிருந்து மஞ்சள் காமாலைக் கிருமி உடம்புக்குள் போனால் நோய் வெளியே தெரியச் சராசரியாக நான்கு வாரம் ஆகும். மே மாதத் திருவிழாவில் குடித்ததற்கு ஜூனில் பள்ளி திறக்கும்போது படுப்பார்கள். யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. ஐஸ் போடாத நுங்கு, இளநீர், வெள்ளரிப்பிஞ்சு நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கும்போது அந்த ஐஸ் எதற்கு?

இப்போது நான் சொல்வதை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். வெயிலில் இருந்தவருக்குத் தலைசுற்றல், வாந்தி, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தல் என்றால் நிழலில் படுக்க வைத்து, உப்பும் நீரும் கொடுத்து ஓய்வு கொடுத்தால் சரியாகும். ஆனால் பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், வலிப்பு வந்தால், மயங்கினால் அது வெப்பத் தாக்கு. உடம்புக்குள் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். 108-க்குப் போன் போட்டுவிட்டு, வண்டி வரும்வரை சும்மா உட்காரக்கூடாது. சட்டையைக் கழற்றி, தோட்டத்து மோட்டாரைப் போட்டு அந்தத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், கூடவே விசிற வேண்டும். உயிரைக் காப்பது அந்த முதல் அரை மணி நேரக் குளிர்ச்சிதான். மயங்கியவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரையும் கொடுக்காதீர்கள். இந்தச் சூட்டுக்கு அது வேலை செய்யாது.

பகல் இப்படி என்றால் ராத்திரிக்கு வேறு கவலை. மொட்டை மாடித் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலைப் பன்னிரண்டு மணிவரை கக்கும். மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே உள்ளே சில டிகிரி குறையும், செலவும் அதிகமில்லை. தோட்டத்துச் சாளை வீடுகளில் இருப்பவர்கள் புழுக்கம் தாங்காமல் வாசலில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். கட்டுவிரியன் நடமாடும் நேரம் ராத்திரிதான். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். வலியே பெரும்பாலும் தெரியாது. விடியற்காலை வயிற்றுவலி, கண் இமை தொங்குவது, விழுங்க முடியாமை என்று வந்தால் பாம்பு என்றே யாருக்கும் தோன்றாது. கயிற்றுக்கட்டிலில் படுங்கள், கொசுவலையை நான்கு பக்கமும் செருகிவிடுங்கள். சந்தேகம் வந்தால் மந்திரிப்பதற்கு நேரம் செலவழிக்காமல் விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

விடுமுறையில் கிணறும் ஏரியும் பிள்ளைகளை இழுக்கும். நீச்சல் கற்றுக்கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நீந்தத் தெரிந்த பெரியவர் மேலே நிற்காமல் ஒரு பிள்ளைகூட இறங்கக்கூடாது. ஒருவன் மூழ்கினால் மற்றவன் குதிக்கக்கூடாது, கயிறோ காலிக் கேனோ வேட்டியோ வீச வேண்டும் என்று இன்றைக்கே சொல்லிக்கொடுங்கள். நம் பக்கத்துக் கிணறுகளில் ஒரே நாளில் இரண்டு மூன்று உயிர் போவதெல்லாம் காப்பாற்றக் குதிப்பதால்தான்.

வெயில் காலத்தில் வரும் அம்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேப்பிலை கட்டுங்கள், கூழ் ஊற்றுங்கள், மாரியம்மனைக் கும்பிடுங்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதோடு, கொப்புளம் தெரிந்த முதல் நாளே மருத்துவரையும் பாருங்கள். பெரியவர்களுக்கு அம்மை போட்டால் நுரையீரலைத் தாக்கும் ஆபத்து அதிகம். 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் மாத்திரை நன்றாக வேலை செய்யும். கர்ப்பிணிகளும் பச்சைக் குழந்தையும் அந்த வீட்டுப் பக்கமே போக வேண்டாம்.

கடைசியாக, இதைத் திருப்பூரிலோ பெங்களூரிலோ துபாயிலோ உட்கார்ந்து படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு. உங்கள் அம்மாவும் அப்பாவும் இங்கே தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறார்கள். நீங்கள் வேலை முடித்து ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் போடுகிறீர்கள். அப்போது, "நல்லா இருக்கோம் சாமி" என்றுதான் சொல்வார்கள். இந்த இரண்டு மாதம் மட்டும் மதியம் இரண்டு மணிக்குப் போன் போடுங்கள். எப்படி இருக்கீங்க என்று கேட்க வேண்டாம். காலையிலிருந்து எத்தனை சொம்பு குடிச்சீங்க என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் போய்ப் பார்க்கக்கூடிய பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவருடைய நம்பரை இன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.